கண்ணில் பந்து பட்டது, வெளியே காயமில்லை, பார்வை 6/6: விழித்திரையை எப்போது, எப்படிப் பார்க்க வேண்டும்?

#1 பி.டி. ஆசிரியர்

வணக்கம். கிரிக்கெட் பந்து, இறகுப்பந்து, கிட்டிப்புள், தீபாவளி வெடி என்று பள்ளி வயதுப் பிள்ளைகளின் கண்ணில் ஊமையடி படுவது வழக்கம்தான். கண்ணைச் சுற்றிக் கன்றி வீங்கும், சில நாளில் வற்றிவிடும். பலகையில் கடைசி வரி வரை படித்துவிட்டால் பெற்றோரும் ஆசிரியர்களும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அப்படி விட்ட கண்ணில் மாதங்கள் கழித்து விழித்திரை விலகியிருப்பது தெரியவருவதாகக் கண் மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

எந்த அளவு அடிக்கு விழித்திரைச் சோதனை தேவை? ஒருமுறை பார்த்தால் போதுமா? கிழிசல் இருந்தால் லேசரா, ஆபரேஷனா? தெரிந்தவர்கள் விவரமாக எழுதினால் மற்ற பள்ளி ஆசிரியர்களுக்கும் உதவும்.

#2 விழித்திரை_தெற்கு

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அது புரிந்தால் மீதிக் கேள்விகளுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கண் என்பது நீர் நிரம்பிய மூடிய பை. முன்னாலிருந்து அடி விழும்போது அதன் முன்பின் நீளம் கண நேரம் குறுகும். உள்ளிருக்கும் நீரைச் சுருக்க முடியாது என்பதால் கண்ணின் நடுப்பகுதி பக்கவாட்டில் பிதுங்கும். உள்ளே நிறைந்திருக்கும் விட்ரியஸ் கூழ் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து விரியாது. விழித்திரையின் முன் விளிம்பான ஓரா செரேட்டாவை ஒட்டிய வளையத்தில்தான் கூழ் மிக இறுக்கமாக ஒட்டியிருக்கிறது. எனவே இழுபட்டுப் பிய்வதும் அங்கேதான். விழித்திரை தன் முன் விளிம்போடு பிரிந்து வருவதை டயாலிசிஸ் என்கிறோம். இது பெரும்பாலும் கீழ்ப்புறமாக, காதுப் பக்கம் இருக்கும். கண்குழி எலும்பின் காப்பு குறைவாக இருப்பதும் அந்தப் பக்கம்தான். மேல்புறமாக, மூக்குப் பக்கம் டயாலிசிஸ் தெரிந்தால், "அடியே படவில்லை" என்று பிள்ளை சத்தியம் செய்தாலும், அடி பட்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பார்வைப் பலகை சோதிப்பது மாக்குலா என்ற நடுப்புள்ளியை மட்டும். ஓரத்தில், கடிகார முகமாக வைத்துப் பார்த்தால், நாலு மணி முதல் ஏழு மணி வரை பிளந்து கிடக்கும் கண்ணும் 6/6 படிக்கும்.

ஏன் மாதக்கணக்கில் தாமதமாகிறது? வயதானவர் கண்ணில் கூழ் நீர்த்துப்போயிருக்கும். கிழிசல் விழுந்தால் அந்த நீர் உள்ளே புகுந்து, சில நாளிலேயே விழித்திரை விலகும். சிறு வயதில் கூழ் கெட்டியாக இருப்பதால் அதுவே கிழிசலை உள்ளிருந்து அடைத்து வைத்திருக்கும். நீர் மெதுவாகத்தான் கசியும். மின்னல், பூச்சி பறத்தல் போன்ற அறிகுறிகள் பலருக்கு வருவதே இல்லை. 1966-ல் காக்ஸ், ஷெப்பன்ஸ், ஃப்ரீமன் மூவரும் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அடியால் வந்த விலகல்களில் உடனே கண்டறியப்பட்டவை 12 விழுக்காடுதான். ஒரு மாதத்துக்குள் 30, எட்டு மாதத்துக்குள் 50, இரண்டு ஆண்டுக்குள் 80 விழுக்காடு. மீதி அதற்கும் பிறகு. "அன்றைக்கே காட்டினோம், ஒன்றுமில்லை என்றார்கள்" என்பது ஏன் போதாது என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

#3 ஒளிமுறிவு

கண் பரிசோதகர் தரப்பிலிருந்து. அடிபட்ட பிள்ளை வந்ததும் சொட்டு மருந்து போடுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலைகள் உண்டு. பாப்பா (கண்மணி) விரிந்த பிறகு அவற்றைச் செய்ய முடியாது.

இரு கண் பார்வையையும் தனித்தனியே எழுதுங்கள். டார்ச்சை மாறிமாறிக் காட்டி, அடிபட்ட கண்ணின் பாப்பா ஒளியில் சுருங்காமல் விரிகிறதா என்று பாருங்கள். விரிந்தால் பார்வை நரம்போ விழித்திரையின் பெரும்பகுதியோ பாதிக்கப்பட்டிருக்கிறது. பாப்பாவின் வடிவத்தையும் அப்போதே வரைந்து வையுங்கள், விளிம்பில் சிறு கிழிசல் இருந்தாலும் அது தெரியும். பிறகு ஸ்லிட் லேம்ப் என்ற கண் நுண்ணோக்கி. லென்ஸுக்குப் பின்னால் உள்ள கூழில் பழுப்புத் துகள்கள் மிதக்கின்றனவா என்று ஒளிக்கற்றையைக் குறுக்கி, பிள்ளையை மேலும் கீழும் பார்க்கச் சொல்லித் தேடுங்கள். இது ஷேஃபர் குறி. இருந்தால் எங்கோ கிழிசல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, கிடைக்கும்வரை தேட வேண்டும்.

கண் அழுத்தத்தை இரண்டு கண்ணிலும் எடுங்கள். மற்ற கண்ணைவிட 4, 5 மி.மீ. குறைந்திருந்தால் அதற்கொரு காரணம் வேண்டும்: விலகலாக இருக்கலாம், சிலியரி பகுதி பிரிந்திருக்கலாம், வெண்விழி கிழிந்திருக்கலாம். ஆனால் வெண்விழி கிழிந்த சந்தேகம் முன்கூட்டியே இருந்தால் அழுத்தமானியைக் கண்ணில் வைக்கவே கூடாது.

பிறகு ட்ரோபிக்கமைடு 0.8, ஃபினைலெஃப்ரின் 5 விழுக்காடு கலந்த சொட்டு. நம் ஊர்க் கறுத்த கண்ணுக்கு ஒருமுறை போட்டால் போதாது. பத்து நிமிட இடைவெளியில் திரும்பப் போட்டு, முப்பது நிமிடமாவது காத்திருங்கள். பாதி விரிந்த பாப்பா வழியாக ஓரத்தைப் பார்த்துவிட்டு "இயல்பு" என்று எழுதுவது பிள்ளைக்குச் செய்யும் துரோகம்.

#4 விழித்திரை_தெற்கு

நன்றாகச் சொன்னீர்கள். அடுத்த படியையும் சேர்த்துவிடுகிறேன். தலையில் மாட்டும் இன்டைரக்ட் கருவி, 20டி அல்லது 28டி லென்ஸ், கூடவே டிப்ரஸர். பிள்ளையைப் படுக்க வைத்து, இமை மேலிருந்தே டிப்ரஸரால் ஸ்கிளீராவை (வெண்விழிச் சுவரை) மெல்ல அமுக்கி, ஓராவை உள்நோக்கித் தூக்கிக் காட்ட வேண்டும். அமுக்காமல் பார்த்தால் மெல்லிய டயாலிசிஸ் தெரியாது. அதன் பின் விளிம்பு தட்டையாகக் கிடக்கும், அமுக்கும்போதுதான் வாய் திறக்கும். விரிகோண ஃபோட்டோ எடுத்துவிட்டு இதைத் தவிர்ப்பது இப்போது பரவி வருகிறது. அது சரியில்லை. அந்தப் படத்தின் கீழ்ப்பகுதியை இமை முடிகள் மறைக்கும். நாம் தேடும் பிளவு இருப்பதோ அதே கீழ்ப்பகுதியில்.

#5 பி.டி. ஆசிரியர்

கறுவிழிக்குப் பின்னால் இரத்தம் தேங்கி நின்றால் எப்படி அமுக்கிப் பார்ப்பது? அது இன்னும் கெடுதலாகாதா?

#6 கருவிழி

அதைத்தான் சொல்ல வந்தேன். இப்படி இரத்தம் தேங்கிய ஹைஃபீமா இருந்தால் முதல் நாளில் டிப்ரஷன் (அமுக்கிப் பார்ப்பது) கூடாது. இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை மறுபடி இரத்தம் கசியும் ஆபத்து அதிகம், இரண்டாவது கசிவு முதலாவதைவிடப் பெரிதாகவே இருக்கும். தலையை 30 முதல் 45 டிகிரி உயர்த்திப் படுக்கை, கண்ணுக்குக் கெட்டியான கவசம், அட்ரோபின், ஸ்டீராய்டு சொட்டு, நாள்தோறும் அழுத்தம் பார்த்தல். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேண்டாம். டிப்ரஷனையும், கண்ணின் நீர் வடியும் கோணத்தைப் பார்க்கும் கோனியோஸ்கோப்பியையும் மூன்று நான்கு வாரம் தள்ளிப்போடலாம். ஆனால் தள்ளிப்போடும் தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். "இரத்தம் வடிந்ததும் வாருங்கள்" என்று வாயால் சொன்னால் வரமாட்டார்கள். இரத்தம் வடிந்ததும் பார்வைதான் தெளிந்துவிடுகிறதே.

அந்த இடைவெளியில் பி-ஸ்கேன் (கண்ணின் அல்ட்ராசவுண்ட்) கைகொடுக்கும். மூடிய இமை மேல் ஜெல்லைத் தாராளமாக வைத்து, அழுத்தாமல் எடுக்க வேண்டும். விலகிய விழித்திரை, பார்வை நரம்பின் தலையோடு ஒட்டிய தடித்த வெள்ளைக் கோடாகத் தெரியும். ஆனால் விலகல் இல்லாத சிறு டயாலிசிஸ் பி-ஸ்கேனில் தப்பிவிடும். ஆகவே ஸ்கேன் தெளிவாக இருந்தாலும் நேரடிச் சோதனை பாக்கியிருக்கிறது என்றே கொள்ளவும்.

இன்னொன்று, இது எல்லாவற்றுக்கும் முந்தியது. பாப்பா ஒரு பக்கம் கூர்ந்து நீண்டிருந்தால், வெண்விழி முழுக்க இரத்தம் உப்பி நின்றால், கறுவிழியின் ஓரத்தில் பழுப்பாக ஏதாவது பிதுங்கியிருந்தால், கண் உடைந்திருக்கிறது. தொடாதீர்கள், கழுவாதீர்கள், ஒத்தடம் வேண்டாம், சொட்டு மருந்தும் வேண்டாம். கண்ணைத் தொடாமல் எலும்பின் மேல் உட்காரும்படி கவசம் வைத்து (கவசம் இல்லையென்றால் காகிதக் கோப்பையின் அடிப்பாகம் போதும்) உடனே அனுப்புங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம், வாய்வழி எதுவும் தர வேண்டாம்.

#7 தஞ்சை_விஆர்

சிகிச்சை பற்றி என் கருத்து: டயாலிசிஸோ, கூழ் இழுத்து லாடம்போல் கிழிந்த குதிரைலாடக் கிழிசலோ, இப்போது மெல்லிய 25 கேஜ் கருவியால் கூழை வெட்டியெடுக்கும் விட்ரெக்டமி இருக்கும்போது, கண்ணுக்கு வெளியே பட்டை தைத்துத் தாங்கும் பக்கிள் எதற்கு? தையலில்லாத துளைகள், உள்ளே எல்லாம் கண்ணுக்கெதிரே தெரியும், மயக்க நேரமும் குறைவு. புதிதாகப் பயிற்சி முடித்து வருகிறவர்களில் பலர் பக்கிளை அதிகம் செய்திருக்கவும் மாட்டார்கள்.

#8 விழித்திரை_தெற்கு

டாக்டர், குதிரைலாடக் கிழிசலுக்கும் இரத்தம் கலங்கிய கண்ணுக்கும் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். டயாலிசிஸுக்கு ஏற்க மாட்டேன்.

டயாலிசிஸில் கூழ், பிளவின் பின் விளிம்போடு ஒட்டியே இருக்கிறது. விளிம்பை உள்ளே பிடித்திழுக்கும் விசை இல்லை, அதனால் விளிம்பு சுருளுவதில்லை. பிளவை வெளியிலிருந்து தாங்கி ஒட்டவைத்தாலே வேலை முடிந்தது. பக்கிளால் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஒரே ஆபரேஷனில் ஒட்டிவிடும். விட்ரெக்டமி செய்யப் போனால், பதினைந்து வயதுக் கண்ணில் விழித்திரையோடு இறுகியிருக்கும் கூழைப் பிரித்தெடுக்க வேண்டும். ட்ரையாம்சினலோன் தெளித்து, உறிஞ்சும் விசையைக் கூட்டி இழுக்கும்போது புதுக் கிழிசல் விழும். மிச்சம் விட்ட கூழ், விழித்திரையைச் சுருக்கி இழுக்கும் பிவிஆர் தழும்புக்கு மேடையாகும். விட்ரெக்டமியின் முடிவில் கண்ணுக்குள் வைக்கும் வாயு கீழ்ப்புறப் பிளவைச் சரியாகத் தாங்காது, வாயு மேலே மிதக்குமே. பின்னால் கண்புரை வரும். பள்ளிப் பிள்ளையின் தெளிந்த லென்ஸை, கிட்டப் பார்வைக்குக் குவியும் திறனோடு, ஏன் பறிகொடுக்க வேண்டும்? பக்கிள் பழகவில்லை என்பது அந்தப் பிள்ளையைப் பழகியவரிடம் அனுப்பக் காரணமாகலாம். வேறு ஆபரேஷன் செய்யக் காரணமாகாது.

செய்முறையை நேராகச் சொல்கிறேன். லிம்பஸை (கறுவிழியின் விளிம்பை) ஒட்டிக் கஞ்சங்க்டைவாவை (வெண்விழியை மூடிய மெல்லிய படலத்தை) திறந்து, கண்ணை அசைக்கும் ரெக்டஸ் தசைகளில் தேவைப்படுபவற்றை சில்க் நூலால் கொக்கி போட்டுப் பிடிக்கிறோம். இன்டைரக்டில் பார்த்தபடியே பிளவின் இரு முனைகளையும் பின் விளிம்பையும் ஸ்கிளீரா மேல் குறிக்க வேண்டும். விலகி நிற்கும் விழித்திரையின் விளிம்பு, இருக்கும் இடத்தைவிடப் பின்னால் இருப்பதாகக் காட்டும். அதை நம்பிக் குறித்தால் பக்கிள் பின்னால் போய்விடும், பிளவின் முன்பகுதி தாங்கலின்றி நிற்கும். ஓரா, லிம்பஸிலிருந்து ஏறக்குறைய 7 மி.மீ. தூரத்தில் இருக்கிறது, தசைகள் ஒட்டும் இடத்துக்குச் சற்றே பின்னால். பக்கிள் உட்கார வேண்டியதும் அங்கேதான்.

பின் விளிம்பு நெடுகக் கிரையோ, அதாவது உறையவைத்து ஒட்டுதல். வெண்மை தெரிந்த உடனே மிதியிலிருந்து காலை எடுத்துவிடுங்கள், ஒரே இடத்தில் இருமுறை உறையவிட வேண்டாம். திறந்து கிடக்கும் பிளவின் நடுவே கிரையோ வைத்தால் நிறமிச் செல்கள் கூழுக்குள் சிதறி பிவிஆருக்கு வித்தாகும். அடுத்து 5-0 கரையாத நூலில் மெத்தைத் தையல், ஸ்கிளீராவின் பாதி ஆழத்தில். தசை ஒட்டும் இடத்துக்கு உடனே பின்னால் ஸ்கிளீரா வெறும் 0.3 மி.மீ. கனம்தான். ஊசி உள்ளே ஓட்டை போடுவது பெரும்பாலும் அங்கே. தையலின் இரு கால்களுக்கும் இடையே பக்கிளின் அகலத்தைவிட 2 முதல் 3 மி.மீ. கூடுதல் இருக்கட்டும். பக்கிளின் நீளம் பிளவின் இரு முனைகளையும் தாண்டி ஏறக்குறைய ஒரு மணி அளவு ஓடட்டும்.

டயாலிசிஸுக்குத் தாழ்ந்த பக்கிளே போதும். உயரம் கூடினால் பின் விளிம்பு மடிந்து வாய் பிளக்கும், கண்ணாடியில் சிலிண்டர் பவரும் ஏறும். தையலை இறுக்கியதும் பார்வை நரம்பைப் பார்த்து, நடு இரத்தக்குழாய் ஓடுகிறதா என்று உறுதி செய்யாமல் முடிச்சைப் பூட்டாதீர்கள். நின்றிருந்தால் தளர்த்துங்கள், இல்லையென்றால் கறுவிழிக்குப் பின்னுள்ள முன்னறையிலிருந்து கொஞ்சம் நீரை எடுங்கள்.

#9 தஞ்சை_விஆர்

தெளிவு. டயாலிசிஸில் முதல் தேர்வு பக்கிள் என்பதை ஏற்கிறேன். ஆனால் 90 டிகிரிக்கு மேல் கிழிந்து, பின் விளிம்பு மடிந்து தொங்கும் ராட்சதக் கிழிசலில் பக்கிள் தோற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே கூழ் முன் விளிம்போடு போய்விட்டது, பின் விளிம்பு சுதந்திரமாகச் சுருளும். விட்ரெக்டமி செய்து, கனத்த பெர்ஃப்ளூரோகார்பன் திரவத்தை நரம்பின் தலையிலிருந்து மெதுவாக நிரப்பி மடிப்பை விரித்து, விளிம்பு நெடுக எண்டோலேசர், பிறகு திரவத்தை எடுத்துவிட்டு நேரடியாக சிலிக்கான் எண்ணெய். இடையில் காற்றை விட்டால் விளிம்பு வழுக்கிப் பின்னால் இறங்கும். எண்ணெயை மூன்று முதல் ஆறு மாதத்தில் எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அழுத்தம் ஏறும், புரை வரும், கறுவிழியில் பட்டை படியும்.

விலகல் இன்னும் வராத பிளவுக்கு லேசர் மட்டும் போதும். பின் விளிம்பு நெடுக மூன்று வரிசை, புள்ளிகள் ஒன்றையொன்று தொடும்படி. பலர் கோட்டைவிடுவது முனைகளில். இரு முனையிலும் லேசர் கோட்டை வளைத்து ஓரா வரை கொண்டுபோய் அடைக்க வேண்டும், இல்லையென்றால் நீர் முனை வழியே சுற்றிக்கொண்டு போகும். முழுப்பிடிப்பு வர இரண்டு வாரம். அடியில் நீர் இருக்கும் இடத்தில் லேசர் பிடிக்காது. அங்கே சக்தியைக் கூட்டிக் கூட்டிச் சுடுவது வீண்.

#10 மயக்கவியல்_நெல்லை

இரண்டு எச்சரிக்கைகள். ரெக்டஸ் தசையைக் கொக்கி போட்டு இழுக்கும்போது பிள்ளைகளின் இதயத்துடிப்பு சட்டென்று இறங்கும். முதல் மருந்து, இழுப்பதை நிறுத்தச் சொல்வது. அதற்கும் மீளாவிட்டால் அட்ரோபின். அட்ரோபின் சிரிஞ்ச் முன்பே நிரப்பித் தயாராக இருக்கட்டும்.

கண்ணுக்குள் வாயு வைக்கும் ஆபரேஷன் என்றால் நைட்ரஸ் ஆக்சைடை அடியோடு தவிர்த்துவிடுங்கள். வாயுக் குமிழுக்குள் அது வேகமாக ஊடுருவிக் குமிழை ஊதவைக்கும், அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் நின்றுவிடலாம். இது அன்றைய ஆபரேஷனோடு முடிவதில்லை. குமிழ் கரைவதற்குள் வேறு ஊரில் பல் பிடுங்கவோ கை எலும்பு பொருத்தவோ மயக்கம் கொடுத்தாலும் இதே ஆபத்து. கையில் "கண்ணில் வாயு உள்ளது" என்ற பட்டையோடுதான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

#11 வார்டு_சிஸ்டர்

வீட்டுக்குப் போகும்போது பெற்றோருக்கு நாங்கள் சொல்பவை. எஸ்எஃப்6 வாயு ஏறக்குறைய இரண்டு வாரம், சி3எஃப்8 ஆறு முதல் எட்டு வாரம் கண்ணில் நிற்கும். அதுவரை விமானம் கூடாது, மலை ஏறவும் கூடாது. மதுரையில் ஆபரேஷன் முடிந்து கொடைக்கானல் வீட்டுக்குத் திரும்புகிறவர்களை முன்பே கேட்டு நிறுத்த வேண்டும். இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் குமிழ் விரிந்து, வண்டியிலேயே தாங்க முடியாத வலியும் பார்வை இருட்டும் வரும். ஊட்டி, வால்பாறைக்காரர்களுக்கும் இதேதான். கீழே உறவினர் வீட்டில் தங்க ஏற்பாடு செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

எந்தப் பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும் என்பது கிழிசல் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. "குப்புறப் படு" என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லாதீர்கள், டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். பக்கிள் மட்டும் வைத்த பிள்ளைக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லையே இல்லை. வீக்கம், இரட்டையாகத் தெரிவது முதல் சில வாரம் இருக்கலாம். நாள் ஆக ஆக வலி கூடினால், பீளை வந்தால், பார்வை மங்கினால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

#12 ஒளிமுறிவு

பக்கிள் வைத்த பிறகு கண்ணின் நீளமும் வளைவும் மாறுவதால் கண்ணாடி பவர் மாறும். மூன்று மாதத்துக்கு முன் புதுக் கண்ணாடி எழுதினால் வீண் செலவு. எட்டு, ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம், சோம்பேறிக் கண் ஆகிவிடும். அவர்களுக்குத் தற்காலிகக் கண்ணாடி, தேவைப்பட்டால் நல்ல கண்ணை மூடும் பயிற்சி.

#13 கருவிழி

எளிதில் ஏமாற்றும் ஒரு நோயாளி உண்டு. இளைஞர், ஒரு கண்ணில் மட்டும் அழுத்தம் 30, 40 என்று ஏறி இறங்கும், முன்னறையில் செல்கள் மிதக்கும். யுவைடிஸ் (கண்ணின் உள்ளழற்சி) என்று ஸ்டீராய்டும் அழுத்தச் சொட்டும் மாதக்கணக்கில் ஓடும், பிடிகொடுக்காது. ஓரத்தை அமுக்கிப் பார்த்தால் பழைய டயாலிசிஸும் தட்டையான விலகலும் இருக்கும். இதுதான் ஷ்வார்ட்ஸ்-மட்சுவோ. விழித்திரையின் ஒளியுணர் செல்களிலிருந்து உதிர்ந்த துணுக்குகள் பிளவு வழியே முன்னறைக்கு வந்து வடிகாலை அடைக்கின்றன. 1973-ல் ஷ்வார்ட்ஸ் விவரித்தார், 1986-ல் மட்சுவோ குழு அந்தத் துணுக்குகளை முன்னறை நீரிலேயே காட்டியது. பிளவை அடைத்தால் அழுத்தம் தானே இறங்கும். விலகலில் அழுத்தம் குறையும் என்ற பாடத்தை மட்டும் மனதில் வைத்திருப்பவர் இதைத் தவறவிடுவார்.

#14 பி.டி. ஆசிரியர்

அடி பட்ட அன்றே பார்வை மங்கினால் என்ன அர்த்தம்? அதுவும் இந்தப் பிளவுதானா?

#15 விழித்திரை_தெற்கு

பெரும்பாலும் வேறு. அடியின் அதிர்ச்சியில் விழித்திரை வெளிறிப்போகும், கமோஷியோ. 1873-ல் பெர்லின் விவரித்தது. ஓரத்தில் இருந்தால் சில நாளில் சுவடில்லாமல் போகும். மாக்குலாவில் இருந்தால் ஒளியுணர் செல் அடுக்கு எவ்வளவு சிதைந்தது என்பதை ஓசிடி (விழித்திரை அடுக்குகளின் ஸ்கேன்) சொல்லும், பார்வை எவ்வளவு திரும்பும் என்பதும் அதைப் பொறுத்தது. மருந்து கிடையாது.

மாக்குலாவில் துளை விழுந்திருந்தால் அவசரப்பட வேண்டாம். இளவயதில் சிறு துளைகள் சில வாரங்களில் தானாகவே மூடுவதுண்டு. ஓசிடியில் துளை சுருங்குகிறதா என்று இரண்டு மூன்று மாதம் பார்க்கலாம். விரிந்தாலோ நின்றுவிட்டாலோ விட்ரெக்டமி செய்து, உள் எல்லைப் படலத்தை உரித்து, வாயு வைக்கிறோம். மூன்றாவது, கோராய்டு (விழித்திரைக்கு அடியிலுள்ள இரத்தக்குழாய் அடுக்கு) கிழிசல். முதலில் இரத்தம் மறைத்திருக்கும், வடிந்ததும் நரம்பின் தலையைச் சுற்றிப் பிறைவடிவ வெள்ளைக் கோடாகத் தெரியும். பின்னால் அந்தக் கோட்டின் ஓரத்திலிருந்து புது இரத்தக்குழாய் முளைத்துக் கசியலாம். ஆகவே ஒரு கண்ணை மூடி, கட்டம் போட்ட தாளை வாரம் ஒருமுறை பார்த்து, கோடு வளைகிறதா என்று சோதிக்கப் பழக்குங்கள். வளைந்தால் ஊசி மருந்து உண்டு, சீக்கிரம் வந்தால் பலனும் உண்டு.

#16 தஞ்சை_விஆர்

பி.டி. சாரின் முதல் கேள்விக்கு. கண்குழிக்குள் நுழையும் அளவுள்ள எதுவும் (இறகுப்பந்து, ஸ்குவாஷ் பந்து, கிட்டிப்புள்ளின் புள், கவண்கல், வெடிச் சிதறல்) நேராகக் கண்ணில் பட்டிருந்தால், பார்வை எப்படி இருந்தாலும் பாப்பா விரித்த சோதனை வேண்டும். கிரிக்கெட் பந்து பெரிது, எலும்பு ஓரளவு தாங்கும், ஆனாலும் அதற்கு விலக்கு கிடையாது. முதல் சோதனை அன்றோ மறுநாளோ. இரண்டாவது, டிப்ரஷனோடு, நான்காவது வாரம். ஆறாவது வாரம் கோனியோஸ்கோப்பி. பிறகு ஆறாவது மாதம், ஓராண்டு. வடிகால் கோணம் பாதி வட்டத்துக்கு மேல் பின்வாங்கியிருந்தால் ஆயுள் முழுக்க ஆண்டுக்கொருமுறை கண் அழுத்தம். இடையில் மின்னல், புதுப் பூச்சி, ஓரத்தில் திரை என்று எது தெரிந்தாலும் அன்றைக்கே.

அனுப்பும் சீட்டில் நான்கு விவரம் எழுதினால் எங்களுக்குப் பேருதவி: என்ன பொருள், எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது, எந்தக் கண், அடிபட்ட தேதி. தேதி முக்கியம். விலகலின் எல்லையில் நிறமிக்கோடு படிய ஏறக்குறைய மூன்று மாதமாகும். கோடு இருந்து அடி போன வாரம்தான் என்றால், பழைய அடி ஒன்றைப் பற்றிக் கேட்டாக வேண்டும்.

#17 பி.டி. ஆசிரியர்

மிக்க நன்றி. இறகுப்பந்து, கிரிக்கெட் பயிற்சிக்குக் கண்ணாடி வாங்கச் சொல்லலாமா? எது?

#18 ஒளிமுறிவு

பாலிகார்பனேட் லென்ஸ், மையத்தில் 3 மி.மீ. கனம், லென்ஸ் பின்பக்கமாகக் கழன்று கண்ணுக்குள் வராதபடி உள்விளிம்பு உள்ள விளையாட்டுச் சட்டம், தலைக்குப் பின்னால் இழுவைப் பட்டை. சாதாரணப் பவர் கண்ணாடியோடு ஆடுவது வெறுங்கண்ணைவிட மோசம், உடைந்த கண்ணாடி கண்ணைக் கிழித்துவிடும். லென்ஸ் இல்லாத வெறும் சட்டக் காப்புகளை வாங்காதீர்கள், இறகுப்பந்தின் தக்கை இடைவெளி வழியே உள்ளே வரும். கிரிக்கெட்டில் ஹெல்மெட் கம்பிவலைக்கும் முன்விளிம்புக்கும் இடையே பந்து நுழையாத அளவுக்கு இடைவெளியைச் சரிசெய்யுங்கள். டென்னிஸ் பந்தில் ஆடும்போதும் விக்கெட் கீப்பருக்குக் கண்காப்பு வேண்டும். ஒரு கண்ணில் ஏற்கெனவே பார்வை குறைந்த பிள்ளையைக் காப்புக் கண்ணாடி இல்லாமல் மைதானத்தில் இறக்காதீர்கள்.